பிட்ச் தப்பினால் என்ஜினுக்குத்தான் அடி: ப்ரொப்பல்லர் மாற்றும்போது செய்யும் தவறுகள்

தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகரிலோ அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே தொங்கும் மோட்டார்) மாட்டிய சின்ன ஸ்பீடு போட் வைத்திருக்கிறவர்களிடம் என்ன ப்ரொப்பல்லர் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "பக்கத்துப் படகுல போட்டதுதான்" என்பார்கள். முதல் தவறே இதுதான். என்ஜின் ஒன்றாகவே இருந்தாலும் படகின் எடை, அடிப்பாகத்தின் வடிவம், மோட்டார் மாட்டிய உயரம் மாறினால் ப்ரொப்பல்லருக்குத் தேவையான பிட்ச் என்ற அளவும் மாறும்.

ப்ரொப்பல்லரில் 13 × 17 மாதிரி பொறித்திருக்கும். இரண்டும் அங்குலத்தில். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது தண்ணீரில் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. பெரிய எண் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்தச் சுமையைச் சுற்ற என்ஜினுக்குத் தெம்பு இல்லாவிட்டால் வேகமும் வராது, ஆர்.பி.எம்.மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) ஏறாது, சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும்தான் ஏறும், கார்பன் படியும், ஒரு நாள் பிஸ்டன் போகும்.

பிட்ச் சரியா என்று சொல்வது ஆர்.பி.எம். காட்டும் டேக்கோமீட்டர் மட்டும்தான். என்ஜின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான வரம்பு இருக்கும், 5000 முதல் 6000 வரை என்பது போல. வழக்கமான சுமையோடு, டிரிம் (மோட்டாரின் சாய்வு) சரிசெய்து, முழு த்ராட்டிலில் அந்த வரம்பின் மேல்பாதியில் முள் நிற்க வேண்டும். "நான் எங்கே முழு த்ராட்டில் போகிறேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் பாதி த்ராட்டிலில் போனாலும், பிட்ச் கூடின என்ஜின் டாப் கியரில் மேம்பாலம் ஏறுகிற பைக் மாதிரி திணறிக்கொண்டேதான் இருக்கும்.

"வழக்கமான சுமை" என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மார்கழிக் காலையில் இரண்டு பேர் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு சரி என்று முடிவு செய்கிறார்கள். அப்புறம் கத்திரி வெயிலில் எட்டுப் பேரையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றினால் முள் 4800 தாண்டாது. சுமை ஒரு காரணம். சூடான ஈரக் காற்றில் என்ஜினின் சக்தியே குறையும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

மாற்றுவதற்குக் கணக்கு எளிது. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். 19 பிட்சில் 4800 காட்டுகிறது, 5500 வேண்டும் என்றால் 15 பக்கம் போக வேண்டியிருக்கும். ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் படகின் அடியைப் பாருங்கள். பாசியும் கொட்டலசும் பிடித்த படகில் ஆர்.பி.எம். தானாகவே இறங்கும், தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிச் சுரண்டி பெயிண்ட் அடிப்பது சும்மாவா? அழுக்கு அடிக்குப் பிட்ச் குறைத்துவிட்டு, பிறகு சுத்தம் செய்தால் என்ஜின் அளவுக்கு மேல் சுற்றும்.

அளவுக்கு மேல் சுற்றுவதும் ஆபத்துதான். சுற்று வரம்பு மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று அதிலேயே முட்டிக்கொண்டு ஓட்டுவது என்ஜினுக்கு நல்லதல்ல, பழைய டூ ஸ்ட்ரோக் பலவற்றில் அதுவும் கிடையாது. திடீரென்று ஆர்.பி.எம். ஏறி வேகம் மட்டும் ஏறவில்லையா? பிட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். ப்ரொப்பல்லரின் நடுவில் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கலாம், மோட்டார் உயரமாக மாட்டியிருந்து பிளேடு காற்றை இழுக்கலாம். முகத்துவாரத்து மணல்திட்டில் உரசிய பிளேடு நுனி தேய்ந்தாலும் இதே கதைதான்.

சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள்: ஆர்.பி.எம்.மைப் பிட்ச்சால் பெருக்கி, அதை கியர் விகிதத்தை (ப்ரொப்பல்லர் ஒரு சுற்று சுற்ற என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 1215ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், வழுக்கலே இல்லாதபோது வரும் வேகம் கிடைக்கும். 5500, 15 பிட்ச், விகிதம் 2 என்றால் மணிக்கு சுமார் 34 கடல் மைல். ஜி.பி.எஸ். 29, 30 காட்டினால் பரவாயில்லை, அவ்வளவு வழுக்கல் இருக்கத்தான் செய்யும். 22 காட்டினால் வேறெங்கோ கோளாறு. நீரோட்டம் ஏமாற்றும், அதனால் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுங்கள். டேக்கோமீட்டரின் பின்பக்கத் திருகு உங்கள் என்ஜினுக்கான எண்ணில் இல்லாவிட்டால் அது காட்டுவதே பொய், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று பிளேடிலிருந்து நான்குக்கு மாறுகிறவர்கள் அதே பிட்ச்சை வாங்காமல் பெரும்பாலும் ஒரு அங்குலம் குறைத்து வாங்க வேண்டியிருக்கும். கழற்றும்போது நியூட்ரலில் வைத்து, சாவியையும், இழுத்தால் என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றையும் எடுத்துவிட்டுக் கை வையுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.