வெரோனால ஊரையும் ஒயினையும் சேர்த்து ரசிக்கிறது எப்படி

இத்தாலி போறவங்க நிறைய பேர் வெரோனாவ வெனிஸ் போற வழியில அரை நாள் எறங்கி, ஜூலியட் வீட்டு பால்கனி முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு அடுத்த ட்ரெயின் ஏறிடுறாங்க. எனக்கு அத கேக்கும்போதெல்லாம் மனசு அடிச்சுக்கும். அந்த பால்கனி 20ஆம் நூற்றாண்டுல வச்சு கட்டினது, ஆனா அதுலேருந்து நடக்குற தூரத்துல ரெண்டாயிரம் வருஷ பாலம் இருக்கு, ரோமானியர் கட்டின அரங்கம் இருக்கு, ஊர சுத்தி மூணு பக்கமும் திராட்சை தோட்டம் இருக்கு. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு தடவை போயிருக்கோம், ஒரு தடவை ஜூலை, ஒரு தடவை அக்டோபர். முதல் தடவை பண்ணின தப்புல கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன், போறவங்க குறைஞ்சது ரெண்டு ராத்திரி அங்க தங்குங்க.

மொதல்ல அந்த தப்ப சொல்லிடுறேன். ஜூலை மாசம், நல்ல வெயில், மதியம் ஒரு மணி, ஒரு சதுக்கத்துல வெளிய மேசை போட்டிருந்த ஹோட்டல்ல உக்காந்தோம், வெரோனான்னாலே அமரோனேங்குற கனமான சிவப்பு ஒயின்தான்னு படிச்சிருந்ததால நேரா அதையே ஆளுக்கு ஒரு கிளாஸ் சொன்னோம். அமரோனேல ஆல்கஹால் சட்டப்படியே 14 சதவீதத்துக்கு கீழ இருக்கக் கூடாது, நெறைய பாட்டில்ல 15, 16ன்னு போட்டிருக்கும். சூடான வெயில்ல சூடாகிப் போன ஒயின், ருசியும் தெரியல, தலைதான் கனத்துச்சு. ரூமுக்கு போய் படுத்தவங்க எந்திரிக்கும்போது சாயங்காலம், பாக்கணும்னு வச்சிருந்த கோட்டை மியூசியம் அன்னிக்கு போச்சு. அன்னிக்கு ராத்திரி ஒரு சின்ன ஒஸ்டேரியால, அதாவது ஒயினும் சாப்பாடும் குடுக்குற பழைய மாதிரி கடையில, பரிமாறுன அம்மா நிதானமா சொல்லிக் குடுத்தாங்க: இந்த ஊர் ஒயின்ல லேசானதுல தொடங்கி கனமானதுல முடிக்கணும், பொழுது சாய சாய கிளாஸ்ல நிறமும் ஏறணும். அதுக்கப்புறம் நாங்க அப்படித்தான் பண்றோம், ஊர் சுத்துறதையும் அதே வரிசைல வச்சுக்கிட்டோம்.

காலைல ஒயின் வேண்டாம், காபி குடிச்சுட்டு நடங்க. எட்டு மணிக்கு பியாட்ஸா தெல்லே எர்பே போனா கூட்டமே இருக்காது. ரோமானியர் காலத்துல ஊரோட மையச் சதுக்கம் அதுதான், நடுவுல 1368ல வச்ச நீரூற்று இருக்கு, பக்கத்துலயே லம்பெர்த்தி கோபுரம், 84 மீட்டர், 368 படி, முட்டி வலி இருக்கிறவங்களுக்கு லிஃப்ட்டும் இருக்கு. மேல ஏறி பாத்தீங்கன்னா ஊர் எப்படி அமைஞ்சிருக்குன்னு ஒரே பார்வைல புரிஞ்சுடும், அடிஜே ஆறு ஊர வளைச்சுக்கிட்டு ஓடுது, வடக்க மலை ஏறுது, அந்த மலைச் சரிவுதான் வல்பொலிசெல்லா. கிழக்க போனா சொஆவே, மேற்க போனா கார்தா ஏரிக்கரையில பார்டொலினோ. இந்த மூணு பேரையும் மனசுல வச்சுக்குங்க, ஒயின் கடை போர்டுல திரும்பத் திரும்ப வரும்.

கீழ எறங்கி கோபுரத்துக்கு பின்னாடி இருக்குற பியாட்ஸா தெய் சின்யோரி வழியா போங்க, அங்க இத்தாலியக் கவிஞர் தாந்தேக்கு சிலை இருக்கு. ஃப்ளோரன்ஸ்லேருந்து நாடு கடத்தப்பட்ட அவருக்கு அடைக்கலம் குடுத்த ஊர் இது. அவரோட மகன் பியெத்ரோ 1353ல வல்பொலிசெல்லால ஒரு தோட்டம் வாங்கினார், அந்த வம்சத்துக்காரங்க பேர்ல அங்க இன்னிக்கும் ஒயின் வருது. எனக்கு அது தெரிஞ்ச அன்னிக்கு அந்த சிலை முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

மதியம் பன்னெண்டரைக்கு மேல சாப்பிட உக்காருங்க, ரெண்டரைக்கு மேல நெறைய சமையலறை மூடிடுவாங்க, அப்புறம் ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் தொறப்பாங்க, இத மறந்தா பட்டினிதான். மதியத்துக்கு சொஆவே, வெள்ளை ஒயின், கார்கானேகாங்குற திராட்சைல செய்றது, நல்லா சில்லுன்னு குடுப்பாங்க, கடைசி மடக்குல தோல் உரிச்ச பாதாம் மென்ன மாதிரி ஒரு மெல்லிய கசப்பு நாக்குல நிக்கும். எரிமலைப் பாறை மண்ணுல வெளையுற தோட்டங்கள் அங்க இருக்கு. சில்லுன்னு ரோஸ் கலர்ல வேணும்னா கியாரெட்டோ, அது ஏரிக்கரை ஒயின், வெயில் நேரத்துக்கு அது மாதிரி வராது.

கேக்குறது எப்படின்னு தயங்க வேண்டாம். பாட்டில் வேண்டாம், ஒரு கிளாஸ்தான் வேணும்னா ‘உன் காலிசே’ன்னு சொல்லிட்டு பக்கத்துல ஒயின் பேர சொல்லுங்க. வீட்டு ஒயின்னு ஜாடில குடுப்பாங்க, ‘உன் குவார்த்தோ’ன்னா கால் லிட்டர், ‘மெத்ஸோ லித்ரோ’ன்னா அரை லிட்டர், ரெண்டு பேருக்கு கால் லிட்டர் போதும், பல இடத்துல அதுவே நல்லா இருக்கும். பில்லுல ‘கோபெர்த்தோ’ன்னு ஆளுக்கு இவ்ளோன்னு ஒரு தொகை வரும், அது ஏமாத்து இல்ல, மேசைக்கும் ரொட்டிக்கும் வாங்குற வழக்கமான கட்டணம், மெனுலயே போட்டிருக்கணும். நாங்க ஒரு இடத்துல கிளாஸ் கேட்டு முழு பாட்டில் தொறந்து வச்சுட்டாங்க, மொழி தெரியாம பேசாம காசு குடுத்துட்டு வந்தோம், இன்னிக்கும் அது உறுத்துது. தொறக்கிறதுக்கு முன்னாடியே கைய காட்டி நிறுத்துங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சைவம் சாப்பிடுறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும். ரிசோட்டோ அல்லமரோனே இந்த ஊர் ஸ்பெஷல், அமரோனே ஊத்தி சமைச்சு கருஞ்சிவப்பா வர்ற அரிசி, ஆனா அத பெரும்பாலும் கறி வேகவச்ச தண்ணிலதான் செய்வாங்க. பியாராங்குற ரொட்டித்தூள் குழம்புல எலும்பு மஜ்ஜை போடுவாங்க. பாஸ்திசாதாங்குறது குதிரைக் கறி, தெரியாம சொல்லிடாதீங்க. ‘சென்ஸா கார்னே’ன்னா கறி இல்லாமன்னு அர்த்தம், கூடவே ‘சென்ஸா ப்ரோதோ தி கார்னே’ன்னும் சொல்லுங்க, அதுதான் அந்த கறித்தண்ணி. தக்காளி போட்ட ஞோக்கி, அதாவது உருளைக்கிழங்கு உருண்டை, பொலெந்தாங்குற மக்காச்சோளக் களி, மொந்தே வெரோனேசேங்குற உள்ளூர் சீஸ், இதுல பசி நல்லா அடங்கும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டு காஸ்தெல்வெக்கியோ போங்க, 1350கள்ல அப்ப ஊர ஆண்ட ஸ்காலிஜர் குடும்பம் கட்டின கோட்டை, இப்ப மியூசியம். கார்லோ ஸ்கார்பாங்குற கட்டடக் கலைஞர் பழைய சுவரையும் புது இரும்பையும் கான்கிரீட்டையும் ஒண்ணோட ஒண்ணு மறைக்காம சேர்த்து வச்சிருக்கிற விதத்த பாக்கவே தனியா ஆளுங்க வர்றாங்க. திங்கக்கிழமைல பல மியூசியம் மூடியிருக்கும், நேரம் பாத்துட்டு போங்க, ரெண்டு மூணு இடம் உள்ள போறதா இருந்தா வெரோனா கார்டு வாங்கிடுங்க, 24 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் கெடைக்குது. தண்ணி பாட்டில் வாங்கி காச கரைக்காதீங்க, தெருவோர குழாய்ல குடிக்கிற தண்ணியே வருது. ஒயின் குடிக்கிற நாள்ல அதுக்கு ரெண்டு பங்கு தண்ணி குடிக்கணும்.

சாயங்காலம் ஆறு மணிதான் இந்த ஊரோட அழகான நேரம். போந்தே பியேத்ரா பாலத்துக்கு நடங்க. ரோமானியர் பாலம் இது, 1945 ஏப்ரல்ல ஜெர்மன் படை ஊர விட்டு போகும்போது வெடி வச்சு தகர்த்துட்டாங்க. ஊர்க்காரங்க ஆத்துல விழுந்த கல்லையெல்லாம் எடுத்து, எந்தக் கல்லு எங்க இருந்துச்சோ அங்கயே வச்சு 1950கள்ல திரும்பக் கட்டினாங்க. கைப்பிடிச் சுவர்ல கைய வச்சுக்கிட்டே நடந்தா ஒரு பாதி வெள்ளைக் கல்லு, இன்னொரு பாதி செங்கல், மாறுற இடம் உள்ளங்கைல தெரியும். பாலம் தாண்டி மேல சான் பியேத்ரோ கோட்டைக்கு படியும் இருக்கு, மலை ரயிலும் இருக்கு, சூரியன் எறங்குறப்ப அங்க இருக்கணும். எறங்கி வந்து ஏதாவது ஒரு பார்ல வல்பொலிசெல்லா ஒரு கிளாஸ். இது சிவப்பு, ஆனா லேசு, கொர்வினாங்குற திராட்சைதான் முக்கியம், புளிப்பு செர்ரி வாசனை வரும். கூட ஆலிவோ சிப்ஸோ ஒரு கிண்ணத்துல வரும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு ரிபாஸோ. அமரோனே வடிச்சதுக்கப்புறம் மிஞ்சுற திராட்சைத் தோல் மேல சாதா வல்பொலிசெல்லாவ ஊத்தி திரும்ப நொதிக்க விடுறாங்க, அந்தத் தோல்ல இருக்குற மிச்ச இனிப்பும் துவர்ப்பும் இதுல எறங்கிடும். அமரோனே விலைல பாதி கூட இல்லாம அதோட சாயல் கெடைக்கும், என்னைக் கேட்டா ரெண்டு நாள் தங்குறவங்களுக்கு காசுக்கு ஏத்த ஒயின் இதுதான். சாப்பாடு முடியிற நேரம் சீஸ் ஒரு தட்டு சொல்லி, அப்ப அமரோனே ஒரே ஒரு கிளாஸ், ரெண்டு பேருக்கும் சேர்த்து. கிளாஸ மெதுவா சுத்தி, ஒரு நிமிஷம் மூக்குல வச்சுட்டு, அப்புறம் ஒரு சொட்டு. நாங்க அந்த ஒரு கிளாஸ முக்கால் மணி நேரம் வச்சிருந்தோம்.

ஜூன்லேருந்து செப்டம்பருக்குள்ள போனா அரேனால ஒரு ஆப்பரா கண்டிப்பா பாருங்க. 1ஆம் நூற்றாண்டுல கட்டின அரங்கம், 1117ல வந்த பூகம்பத்துல வெளி வளையம் விழுந்து இப்ப நாலு வளைவுதான் நிக்குது, 1913லேருந்து திறந்த வானத்துக்கு கீழ ஆப்பரா நடக்குது. கல் படி டிக்கெட்தான் விலை கம்மி, எடத்துக்கு நம்பர் போடலன்னா சீக்கிரம் போய் எடம் புடிக்கணும். பகல் முழுக்க வெயில் குடிச்ச கல்லு ராத்திரி பத்து மணிக்கும் உடம்புக்கு வெதுவெதுன்னு இருக்கும், ஆனா மூணு மணி நேரம் உக்காந்தா இடுப்பு போயிடும், குஷன் எடுத்துக்குங்க. அன்னிக்கு ராத்திரி அமரோனே வேண்டாம், தூங்கிடுவீங்க.

ரெண்டாவது நாள் தோட்டத்துக்கு போங்க. வல்பொலிசெல்லா கிராமங்கள் ஊர்லேருந்து ரொம்ப தூரம் இல்ல, சான் பியேத்ரோ இன் காரியானோ, நெக்ரார், ஃபுமானே எல்லாம் அந்த பக்கம்தான். ஒயின் தயாரிக்கிற கான்டினாவுக்கு முன்கூட்டியே மெயில் போட்டு நேரம் வாங்கணும், சொல்லாம போய் நின்னா பாக்க முடியாது. கார் ஓட்டுறவங்க குடிக்க வேண்டாம், அங்க ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகாதவங்களுக்கு சுத்தமா பூஜ்யம். பஸ்ல போங்க இல்ல டாக்ஸியோ டூர் வண்டியோ பேசிக்குங்க. ருசி பாக்கும்போது நாலஞ்சு ஒயின் வரிசையா ஊத்துவாங்க, எல்லாத்தையும் முழுங்கணும்னு இல்ல, துப்புறதுக்குன்னே பாத்திரம் வச்சிருப்பாங்க, துப்பினா யாரும் மதிப்பு கொறைவா நெனைக்க மாட்டாங்க.

அக்டோபர்ல நாங்க போனப்ப ஒரு இடத்துல மாடிக்கு கூட்டிட்டு போனாங்க. நீளமான மாடி, ரெண்டு பக்கமும் ஜன்னல் தொறந்து கெடக்கு, அடுக்கடுக்கா தட்டு, ஒவ்வொரு தட்டுலயும் திராட்சைக் கொத்து ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல வத்தல் வெயில்ல போடுவோம், இங்க நிழல்ல, வெறும் காத்துல. மூணுலேருந்து நாலு மாசம் அப்படியே இருக்கும், எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும், தண்ணி போக போக இனிப்பு கூடும், அப்புறம்தான் பிழிவாங்க. அமரோனே ஏன் அவ்ளோ கனம், ஏன் அவ்ளோ விலைன்னு அந்த மாடில நின்னப்பதான் எனக்கு வெளங்குச்சு. எடுத்து ஒரு பழம் குடுத்தாங்க, தோல் சுருங்கி, உள்ள ஜாம் மாதிரி, ஆனா புளிப்பு போகாம. அந்த வாசனை அன்னிக்கு முழுக்க என் சால்வைல இருந்துச்சு.

அங்கேயே ரெச்சோட்டோவும் கேட்டு வாங்கி ருசி பாருங்க, இனிப்பு ஒயின், அமரோனேக்கு அம்மா மாதிரி. உள்ளூர் பேச்சுல ‘ரேச்சா’ன்னா காது, கொத்தோட மேல் பக்கம் காது மாதிரி நீட்டிக்கிட்டு நல்லா வெயில் படுற பழம்னு அர்த்தம். ஒரு பீப்பாய் ரெச்சோட்டோவ மறந்து விட்டதுல இனிப்பெல்லாம் ஆல்கஹாலா மாறித்தான் அமரோனே வந்துச்சுன்னு அங்க சொல்றாங்க, அமாரோன்னா கசப்பு.

வாங்கிட்டு வர்றவங்களுக்கு: லேபிள்ல ‘கிளாசிகோ’ன்னு இருந்தா பழைய மூலப் பகுதி தோட்டத்துதுன்னு அர்த்தம், அமரோனேல பாட்டில் கழுத்துல நம்பர் போட்ட அரசாங்க ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கணும். இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் வரி இல்ல, அப்ப 750 மில்லி பாட்டில் ரெண்டு. கைப்பைல விட மாட்டாங்க, சாக்ஸுக்குள்ள நுழைச்சு, ஸ்வெட்டர்ல சுத்தி, செக்-இன் பெட்டிக்கு நடுவுல வைங்க. வீட்டுக்கு வந்ததும் தொறக்காதீங்க, ரெண்டு வாரம் இருட்டுல அசையாம வைங்க. தொறக்குற அன்னிக்கு காரக் குழம்பு வேண்டாம், இந்த ஆல்கஹாலோட காரம் சேர்ந்தா நாக்கு எரியும், ருசி போயிடும். ஒரு மணி நேரம் முன்னாடியே தொறந்து ஜாடில ஊத்தி வச்சுடுங்க, பழைய சீஸ் ஒரு துண்டு, வறுத்த பாதாம் கொஞ்சம் போதும்.