பல்செட் கட்டலாமா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பல் போனதும் "செட் கட்டிரலாம்" என்பார்கள். அவசரம் வேண்டாம். ஒன்றிரண்டு பல்தான் இல்லையென்றால் பிரிட்ஜோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் கட்டுப்பல்) இம்பிளான்டோ (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) சரிப்படுமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பல்லைச் செதுக்குவார்கள், அதையும் யோசியுங்கள்.

பல்லே இல்லாதவர்களுக்கு செட் நல்ல வழி, செலவும் குறைவு. மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ் செட்தான் பாடாய்ப் படுத்தும்: நாக்கு அசைந்தால் எழும்பும், முறுக்கை ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் தூக்கும். தாடை எலும்பு தேய்ந்தவர்களுக்கு இன்னும் ஆடும். அவர்கள் 2 இம்பிளான்ட் வைத்து அதன்மேல் செட்டைப் பொருத்த முடியுமா என்று கேட்கலாம்.

அப்புறம், பல் பிடுங்கிய சில மாதங்களில் ஈறு சுருங்கும். உடனே கட்டிய செட் தளர்ந்துவிடும், மறுபடி சரிசெய்யச் செலவாகும்.