டென்டினை வளைத்துச் சோதிக்கும் முன் ஈரத்தைக் கவனியுங்கள்

பிடுங்கிய பல்லிலிருந்து டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் முக்கியப் பகுதி) துண்டு வெட்டி அதன் வலிமையை அளக்கப் போகிறீர்கள் என்றால், எந்த இயந்திரத்தில் வைப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம், துண்டு ஈரமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டென்டினின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கனிமம், 20 சதவீதம் கரிமப் பொருள் (பெரும்பாலும் கொலாஜன் என்ற இழைப் புரதம்), மீதி 10 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் போய்விட்டால் நீங்கள் அளப்பது வாயில் இருந்த டென்டினை அல்ல.

காரணம் கொலாஜனில் இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை அதன் இழைகள் கொஞ்சம் நீண்டு நழுவி விசைக்கு இடம் கொடுக்கும்; காய்ந்ததும் நெருங்கி வந்து தங்களுக்குள் நேரடியாக ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு சுருங்கி விறைத்துவிடும். அதனால் காய்ந்த துண்டில் மீள்குணகம் (விறைப்பின் அளவு) கூடித் தெரியும், பல சமயம் வலிமையும்கூட. அதை வைத்து 'காய்ந்தால் பல் உறுதியாகிறது' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். விசை கூடக் கூடத் துண்டு எவ்வளவு வளைகிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்: ஈரத் துண்டின் கோடு முறிவதற்கு முன் வளைந்து போகும், காய்ந்தது கிட்டத்தட்ட நேராக ஏறிப் பட்டென்று முறியும். அதாவது உடையும் முன் அது உள்வாங்கும் ஆற்றல் குறைந்துவிட்டது.

சரி, செய்முறை. வைர ரம்பத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக வெட்டுங்கள். வெட்டியதை ஹாங்க்ஸ் உப்புக் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புநீர்) போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அயனி நீக்கிய தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் மேற்பரப்புக் கனிமம் கரைந்து கடினத்தன்மை இறங்கும், ஃபார்மலின் கொலாஜனையே மாற்றிவிடும்.

ஒரே பல்லின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை, டென்டினுக்குள் ஓடும் நுண்குழாய்கள் ஒரே திசையில் இருக்கும்படி எடுத்து, மூன்று குழுவாகப் பிரியுங்கள்: ஈரமானவை, காய்ந்தவை, காயவைத்துத் திரும்ப நனைத்தவை. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். நனைத்ததும் பழைய நடத்தை திரும்பினால் மாற்றத்துக்குத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லலாம், திரும்பாவிட்டால் சுருங்கும்போது விரிசல் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

காயவைக்கச் சூட்டடுப்பு வேண்டாம், வெப்பத்தின் விளைவும் சேர்ந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலத்தில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை எடை போட்டுப் பாருங்கள். துண்டு சுருங்கியிருக்கும் என்பதால் அகலத்தையும் தடிமனையும் சோதனைக்கு முன் மறுபடி அளக்க வேண்டும். ஈரக் குழுவைக் கரைசலுக்குள் மூழ்கவைத்தே வளையுங்கள், இத்தனை மெல்லிய துண்டு காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

முறிந்த பரப்பைச் சாதாரண எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் இதே சிக்கல் வரும். அதன் வெற்றிடமே துண்டைக் காயவைப்பதால், அங்கே தெரியும் விரிசல் உங்கள் சோதனையில் விழுந்ததா, நுண்ணோக்கிக்குள் விழுந்ததா என்று பிரிக்க முடியாது. முடிந்தால் ஈரத்தோடு பார்க்கும் வகை நுண்ணோக்கியைப் பயன்படுத்துங்கள்.