தோடர் பூவேலை: இழை எண்ணித் தைக்கும் முறை

நீலகிரித் தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம் கிடையாது, துணியில் கோடு வரைவதும் கிடையாது. இழைகளை எண்ணுவதுதான் முழு வேலையும்.

அதனால் துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். இழை கண்ணுக்குத் தெரியும் முரட்டு வெள்ளைப் பருத்தியாக எடுங்கள். பாவில் (நீளவாக்கு இழை) 10, ஊடையில் (குறுக்கு இழை) 10 இழை எண்ணி அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் பூவேலையின் சாய்சதுர வடிவம் நசுங்கிவிடும்.

சிவப்பு, கறுப்புக் கம்பளி நூல் போதும். முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டினால் உரசிப் பிசிறடிக்கும். ஊசி முனை மழுங்கியிருக்கட்டும். கூரானது இழையைப் பிளக்கும்.

துணியின் பின்பக்கமிருந்து தையுங்கள். வரிசை திரும்பும் இடத்தில் நூலை இழுத்து இறுக்காமல் நெல்மணி அளவு வளையம் விடுங்கள். தோடர் வேலையின் அழகே அந்த மேடுதான்! இறுக்கினால் துணி சுருங்கும், மேடும் எழாது. அடுத்த வரிசையை ஓர் இழை தள்ளித் தொடங்கினால் சாய்வு வரும்.

எண்ணிக்கை ஓர் இழை பிசகினாலும் மேலே வரும் வரிசையெல்லாம் நகரும். அந்தத் தையல்வரை பிரித்துவிடுங்கள், சமாளிக்க முடியாது. தொடங்குமுன் சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.