சிறுகதையின் பின்னலையும் முரணையும் பிரித்துப் படிப்பது எப்படி? ‘நெக்லஸ்’ கதையை வைத்து ஒரு செய்முறை

ஒரு சிறுகதையைப் படித்து முடித்ததும், “நன்றாக இருந்தது”, “கடைசியில் தூக்கிவாரிப் போட்டது” என்பதற்கு மேல் சொல்ல எதுவும் தோன்றாமல் நிற்பவர்களுக்காக இந்த விளக்கம். சம்பவங்கள் ஒன்றுக்கொன்று காரணமாகக் கோக்கப்படுவது பின்னல்; ஒருவரின் ஆசையும் அதைத் தடுப்பதும் மோதுவது முரண். கதையை நடத்துவது எது, எந்த இடத்தில் அது திரும்புகிறது என்பதை ஒரு பென்சிலும் நோட்டும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருப்பது பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’. 1884 பிப்ரவரியில் பாரிஸின் ‘லெ கோலுவா’ நாளிதழில் வெளிவந்த கதை. அளவில் சிறியது, பாத்திரங்கள் மூன்றே பேர், சம்பவங்கள் தெளிவானவை. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடைப்பது கடினம். முடிவையும் சேர்த்தே இங்கே பேசப்போகிறோம் என்பதால், படிக்காதவர்கள் முதலில் கதையைப் படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: இரண்டு முறை படியுங்கள்

முதல் வாசிப்பு ஒரே மூச்சில் இருக்கட்டும். பென்சிலைத் தொடவே வேண்டாம். முடித்ததும், எந்த இடத்தில் மனம் அதிகம் பதறியது என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும். அடுத்த வாசிப்பை ஒருநாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த பிறகு படிக்கும்போதுதான் கதாசிரியர் முன்பே போட்டு வைத்த முடிச்சுகள் கண்ணில் படும்.

படி 2: சம்பவப் பட்டியல்

கதையை 10 முதல் 12 வரிகளுக்குள் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் யாராவது ஏதாவது செய்ய வேண்டும். “அவள் மிகவும் வருத்தமாக இருந்தாள்” போன்ற வரிகள் பட்டியலில் வரக்கூடாது. ‘நெக்லஸ்’ கதைக்கு இப்படி வரும்:

1. கல்வி அமைச்சகத்தில் எழுத்தராக இருப்பவரின் மனைவி மத்தில்த், பணக்கார வாழ்க்கைக்கு ஏங்கிக்கொண்டே நாளைக் கழிக்கிறாள்.
2. அமைச்சர் மாளிகை விருந்துக்குக் கணவன் அழைப்பிதழ் வாங்கி வருகிறான்.
3. உடுத்திப்போக உடையில்லை என்று அழுகிறாள். வேட்டைத் துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்கை அவன் கொடுத்துவிடுகிறான்.
4. நகை இல்லை என்கிறாள். தோழி மேடம் ஃபொரெஸ்தியேவிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள்.
5. விருந்தில் எல்லார் கண்ணும் அவள்மேல்தான்.
6. கிளம்பும்போது தன் பழைய மேலாடையை மற்றப் பெண்கள் பார்த்துவிடக் கூடாதென்று படியிறங்கி ஓடுகிறாள்.
7. வீட்டில் கண்ணாடி முன் நிற்கும்போதுதான் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிகிறது.
8. கணவன் தெருத்தெருவாகத் தேடுகிறான். போலீஸ், பத்திரிகை, வண்டிக் கம்பெனி என்று அலைகிறான்.
9. கொக்கி உடைந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.
10. கடன் வாங்கி, 36,000 பிராங்குக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள்.
11. 10 ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைக்கிறார்கள்.
12. தோழியைச் சந்தித்து உண்மையைச் சொல்கிறாள். தொலைந்தது போலி நகை, அதிகம் போனால் 500 பிராங்க் பெறும் என்று தெரிகிறது.

பட்டியல் 20 வரியைத் தாண்டினால் நீங்கள் வர்ணனையையும் சேர்த்து எழுதுகிறீர்கள். 6 வரிக்குள் முடிந்துவிட்டால் காரணங்களை விழுங்கிவிட்டீர்கள். பலரும் விழுங்குவது 6ஆம், 9ஆம் வரிகளை. கதையின் உயிரே அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

படி 3: ‘பிறகு’வை அடித்துவிட்டு ‘அதனால்’ போடுங்கள்

அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு நடுவே ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் பின்னல் இருக்கிறது. ‘பிறகு’ மட்டும்தான் பொருந்துகிறது என்றால் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்; ஒன்று நீங்கள் ஒரு வரியை விட்டிருப்பீர்கள், அல்லது அது வெறும் தகவல்.

6ஐ விட்டுவிட்டு 5ஐயும் 7ஐயும் சேர்த்துப் பாருங்கள். “எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு நெக்லஸ் தொலைந்தது.” வெறும் துரதிர்ஷ்டம் போல இருக்கிறது. 6ஐச் சேர்த்ததும் நிலைமை மாறிவிடுகிறது. வெளியே குளிர், வண்டி கூப்பிட்டு வருகிறேன், நில் என்று கணவன் தடுக்கிறான். ஏழ்மை தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் அவள் நிற்கவில்லை. நகை எந்த இடத்தில் விழுந்தது என்று கதை சொல்லவே இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தை மாப்பசான் அங்கே வைத்திருப்பது சும்மா இல்லை. நகையை இரவல் வாங்க வைத்த அதே ஆசைதான் அவளைப் படியிறங்கி ஓடவும் வைக்கிறது.

படி 4: முரணை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“இன்னாருக்கு இது வேண்டும், இன்னது தடுக்கிறது” என்ற வடிவத்தில் எழுதுங்கள். இரண்டு பாதியும் இருந்தே ஆக வேண்டும்.

தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் விடை “இந்தக் கதையின் முரண் வறுமை” என்பது. வறுமை ஒரு நிலைமை. அது யாரோடும் மோதுவதில்லை. யாரோ ஒருவர் எதையோ விரும்பி, அந்த நிலைமை குறுக்கே நிற்கும்போதுதான் முரண் பிறக்கிறது. மத்தில்துக்கு உணவு, வீடு, வேலைக்காரப் பெண் எல்லாம் இருந்தன. அவளை ஏழை என்று கதையின் முதல் பாதி சொல்லவில்லை. தான் பிறந்திருக்க வேண்டிய இடத்தில் பிறக்கவில்லை என்று அவள் நம்புகிறாள். ஆகவே வாக்கியம் இப்படி வரும்: “உயர்ந்த இடத்துப் பெண்ணாகத் தான் தெரிய வேண்டும் என்று மத்தில்துக்கு ஆசை, கணவனின் சம்பளமும் அவர்கள் வாழும் சமூகத்தின் படிநிலையும் அதற்கு இடம் தருவதில்லை.”

மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் சமூகத்துக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனத்துக்குள்ளேயே என்று பாடப்புத்தகங்கள் முரணை வகைபிரிக்கும். வகையின் பெயரை எழுதியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நல்ல கதையில் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு ஓடும். இங்கே வெளியே பணம், உள்ளே கூச்சம்.

படி 5: திருப்பத்தைத் தேடுங்கள். முடிவை அல்ல

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். திருப்புமுனை எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வருகின்றன: நகை தொலைந்தது, நகை போலி என்று தெரிந்தது. முதலாவது அவளுக்கு நேர்வது. இரண்டாவது அவளுக்குச் சொல்லப்படுவது. இரண்டிலும் அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. “வேறு மாதிரி செய்திருக்கலாம், ஆனால் செய்யவில்லை” என்று சொல்லக்கூடிய வரி எது என்று பட்டியலில் தேடுங்கள்.

9ஆம் வரி. தேடிக் களைத்துத் திரும்பிய கணவன்தான் கடிதத்தின் வாசகத்தைச் சொல்கிறான். கொக்கி உடைந்ததாக எழுது, நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்கிறான். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சம்பவம் இரண்டே வரிதான், வாசகர் தாண்டிப் போய்விடுவார். அந்தத் தாளில் “தொலைத்துவிட்டேன்” என்று எழுதியிருந்தால், “அது போலிதானே” என்ற பதில் அன்றைக்கே வந்திருக்கும். 10 ஆண்டுகள் நடந்தே இருக்காது.

இதைச் சோதிக்க ஒரு வழி: அந்த வரியைத் தலைகீழாக்கிவிட்டு மீதிக் கதை நிற்கிறதா பாருங்கள். நின்றால் நீங்கள் பிடித்தது திருப்பம் இல்லை.

படி 6: போட்டு வைத்த முடிச்சுகள்

முடிவு திடீரென்று வந்ததா, முன்பே சொல்லப்பட்டதா? இரண்டாம் வாசிப்பில் முடிவுக்குச் சாட்சியாக உள்ள வரிகளை அடிக்கோடிடுங்கள். இந்தக் கதையில் மூன்று இடங்கள் உறுதியாகக் கிடைக்கும். நெக்லஸைக் கேட்டதும் தோழி கொஞ்சமும் தயங்காமல் தந்துவிடுகிறாள். நெக்லஸ் இருந்த பெட்டியில் பெயர் கண்ட நகைக்கடைக்குப் போனால், பெட்டி மட்டும்தான் தன்னுடையதாக இருக்கும், நகை தான் விற்றதல்ல என்கிறார் கடைக்காரர். புது நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் வாசிப்பில் மூன்றாவது நமக்கு ஆறுதலாக இருக்கும். மாட்டிக்கொள்ளவில்லை என்று பெருமூச்சு விடுவோம். அதே வரி இரண்டாம் வாசிப்பில் வலிக்கிறது. இப்படி இரண்டு வேலை செய்யும் வரிகளைத்தான் நீங்கள் நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

எதற்கு எவ்வளவு இடம் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விருந்துக்கு முந்தைய சில நாட்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. 10 ஆண்டுகள் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன.

படி 7: வேறொரு கதையில் சோதியுங்கள்

ஒரே கதையில் பழகினால் எல்லாக் கதைக்கும் கடைசியில் அதிர்ச்சி வேண்டும் என்று தோன்ற ஆரம்பிக்கும். அதனால் அடுத்ததாகப் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் முருகேசன் பால் கஞ்சி கேட்கிறான். அவன் மனைவி அம்மாளுவிடம் காசு இல்லை. சந்தில் ஒருவனோடு இருளில் மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது.

படி 5 இங்கே திணறும். அம்மாளு முடிவெடுக்கும் கணத்தை, அவள் மனம் என்ன பாடுபட்டது என்பதைப் புதுமைப்பித்தன் எழுதவே இல்லை. சந்தின் இருட்டோடு விட்டுவிடுகிறார். முரணை அவள் மனத்துக்குள் நடத்தாமல், கற்பைப் பற்றிப் பேசும் நம் பக்கமாகத் திருப்பிக் கேள்வியாகக் கேட்கிறார். அப்படியானால் “யாருக்கு இது வேண்டும், எது தடுக்கிறது” என்ற வாக்கியத்தை இரண்டு முறை எழுத வேண்டும்: அம்மாளுவுக்கு ஒன்று, கதைசொல்லிக்கும் வாசகருக்கும் நடுவே ஒன்று. இரண்டாவது வாக்கியத்தை எழுதாதவர்கள் இதைச் சோகக் கதை என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவதாக கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை எடுங்கள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காகக் கிராமக் காவலரான தலையாரி ஒரு வீட்டின் கதவைப் பிடுங்கிப்போகும் இடம்வரை பட்டியல் போட்டு நிறுத்திக்கொண்டு, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு எதிரே நிற்பது யார் என்று முதலில் எழுதுங்கள். தலையாரி என்று எழுதினால் அடித்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள்.