ஒன்பதடி பூல் மேசையைச் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் போடுவது எப்படி?

"நம் வீட்டில் ஒன்பதடி மேசையா? நடக்கிற காரியமா?" என்று சொல்லிவிட்டு உடனே ஏழடிக்கு இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதடி மேசையின் ஆடுபரப்பு 254 × 127 செ.மீ. ஏழடி மேசையுடையது ஏறக்குறைய 198 × 99. அகலத்தில் மிச்சமாவது வெறும் 28 செ.மீ. ஆனால் பந்தை அடிக்கும் வழக்கமான 147 செ.மீ. (58 அங்குலம்) கியூ கோலுக்குப் பதில் 122 செ.மீ. (48 அங்குலம்) கோலை எடுத்தால் பக்கத்துக்கு 25, இரு பக்கமும் சேர்த்து 50 செ.மீ. மிச்சம். இடத்தைத் தின்பது கோல்தான். முதலில் கோலைக் குறையுங்கள், அதற்கும் இடம் போதாவிட்டால் மேசையைக் குறைக்கலாம்.

(பன்னிரண்டடி ஸ்னூக்கர் மேசை இந்தக் கட்டுரையில் இல்லை. அதற்குத் தரைவீடு வேண்டும்.)

படி 1: தரையில் டேப் ஒட்டி அளப்பது

இதை அவசரமாகச் செய்தால் மற்ற எல்லாமே வீண்.

மேசையின் வெளிவிளிம்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பந்து உருளும் பரப்பின் எல்லை, அதாவது ஓரத்து ரப்பர் குஷனின் மூக்கு நுனி, அதிலிருந்துதான் அளக்க வேண்டும். மிக மோசமான அடி எது என்றால், வெள்ளைப் பந்து குஷனோடு ஒட்டி நிற்க, அதை எதிர்ப்பக்கம் நேராக அடிப்பது. அப்போது கோல் முனை ஏறக்குறைய குஷன் மூக்குக்கு நேராகவே இருக்கும். அடிக்குமுன் கோலைப் பின்னுக்கு இழுக்கக் குறைந்தது 10 செ.மீ. வேண்டும். ஆக ஒவ்வொரு பக்கமும் தேவைப்படுவது கோலின் நீளம் + 10 செ.மீ.

ஒன்பதடி மேசைக்கு இதன்படி: 147 செ.மீ. கோலென்றால் அறை 568 × 441, 132 செ.மீ. கோலென்றால் 538 × 411; 122 செ.மீ. கோலென்றால் 518 × 391. பழைய ஐந்தறை வீடுகளின் வரவேற்பறை, சாப்பாட்டறை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அளந்து பாருங்கள். நீளம் பெரும்பாலும் கிடைத்துவிடும். இடிப்பது அகலத்தில்தான்.

மாஸ்கிங் டேப்பால் 254 × 127 செவ்வகத்தைத் தரையில் ஒட்டுங்கள். பிறகு துணி தேய்க்கும் பலகையை 78 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, அந்தச் செவ்வகத்தின் ஓரமாக வைத்து, உண்மையான கோலோடு குனிந்து நின்று வீசிப் பாருங்கள். சுற்றிலும் குறைந்தது எட்டு இடங்களில் செய்ய வேண்டும்: நான்கு மூலை, இரண்டு நடுப் பாக்கெட் (பந்து விழும் குழி), இரண்டு குறும்பக்கங்களின் நடு. சுவருக்குச் சுவர் அளந்தது சரியாக இருந்தாலும் கோல் போகும் உயரத்தில், தரையிலிருந்து 80 முதல் 110 செ.மீ. வரை, என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இப்போதுதான் தெரியும். சன்னல் கம்பி, திரைச்சீலை, சாமி மேடை, காலணி அலமாரியின் மேல்தட்டு, அறைக்குள் பத்து செ.மீ. துருத்தும் தூண்.

மேசையை நட்ட நடுவில்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை. ஒரு நீளப் பக்கத்துக்கு முழு இடம் கொடுத்துவிட்டு, இறுக்கத்தை எல்லாம் மறுபக்கத்துக்குத் தள்ளுங்கள். இறுக்கமான பக்கத்தில் மட்டும் குட்டைக் கோல். படுக்கையறைக் கதவோ சமையலறைக்குப் போகும் வழியோ இருந்தால், நடுப் பாக்கெட் அதற்கு நேராக வரும்படி மேசையை நகர்த்துங்கள். கதவைத் திறந்துவைத்தால் கோலின் அடிப்பகுதி அந்த இடைவெளிக்குள் போய்விடும்.

சுவரை இடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வீவக அனுமதி இல்லாமல் எந்தச் சுவரையும் தொடக்கூடாது. வேலையை வீவக-வில் பதிந்த ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். பாம்ப் ஷெல்ட்டர் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) சுவர் என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

குட்டைக் கோல் வாங்கும்போது எடையைப் பாருங்கள். நீளம் குறைந்தாலும் 18 அவுன்சு, அதாவது சுமார் 510 கிராம் இருக்க வேண்டும். பழைய கோலின் பின்பக்கத்தை அறுத்துச் சிறிதாக்கினால் எடையெல்லாம் முன்னால் போய்விடும், அடி நேராகப் போகாது. 91 செ.மீ. சிறுவர் கோல் ஒன்றை அந்தத் தூண் மூலைக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதையே எல்லா அடிக்கும் எடுத்தால் விளையாட்டு பொம்மையாகிவிடும்.

படி 2: எடை

சிலேட்டுக் கல் வைத்த ஒன்பதடி மேசை, வகையைப் பொறுத்து 400 முதல் 600 கிலோ வரும். குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ சுமைக்கு (ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான்களின் எடை) வடிவமைக்கப்படுபவை. 500 கிலோவை, வெளிச்சட்டத்தோடு சேர்த்து மேசை அடைக்கும் நாலரைச் சதுர மீட்டரில் பரப்பினால் 111 கிலோ. எல்லைக்குள்தான். ஆனால் மேசை பரவி உட்காருவதில்லை, கால்களில் நிற்கிறது. நான்கு கால் என்றால் காலுக்கு 125 கிலோ. மேசை 600 கிலோவை நெருங்கினாலோ, பக்கத்திலேயே பெரிய மீன்தொட்டி, புத்தக அலமாரி இருந்தாலோ, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கால் வரும் இடங்களில் தரை ஓடுகளை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் ஓடு அடியில் பிடிமானம் விட்டிருக்கிறது, கனம் ஏறினால் விரிசல் விழும். ஒவ்வொரு காலுக்கும் 30 × 30 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று வையுங்கள்.

படி 3: மேலே கொண்டுபோவது

மூன்று துண்டுக் கல் உள்ள மேசையையே வாங்குங்கள். துண்டு ஒன்று சுமார் 145 × 90 செ.மீ., 80 கிலோவுக்கு மேல். இரண்டு மூன்று ஆட்கள் மின்தூக்கியில் ஏற்றிவிடுவார்கள். ஒற்றைக் கல் மேசை ஏழடியானாலும் வேண்டாம். உண்மையில் தகராறு செய்வது சட்டத்தின் நீளக் கட்டைகள். மின்தூக்கியின் உள்ளே மூலைக்கு மூலை அளந்து, கட்டையின் நீளத்தைக் கடைக்காரரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். இரும்புக் கேட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

படி 4: மட்டம் பிடிப்பது

கொத்தனார் ரசமட்டம் இதற்குப் போதாது. அதில் குமிழி நடுவில் நின்றாலும் பந்து மெல்ல உருளும்போது வளைந்து போகும். மீட்டருக்கு அரை மி.மீ.க்கும் குறைவான சாய்வைக் காட்டும் இயந்திரப் பட்டறை ரசமட்டம் வேண்டும். ஸ்டாரெட் 98 வகை போதும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் விசாரியுங்கள்.

முதலில் மரச்சட்டம், பிறகு நடுக்கல், கடைசியாக இரு ஓரக் கற்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மட்டம் சரிசெய்யக் கல்லுக்கு அடியில் செருகும் ஆப்பை எப்போதும் திருகுக்குப் பக்கத்திலேயே செருக வேண்டும். தள்ளிச் செருகிவிட்டுத் திருகை முறுக்கினால் கல் அங்கே வளையும், மட்டம் போய்விடும். பலரும் ஏமாறுவது இங்கேதான்: முறுக்குவதற்கு முன் பார்த்த மட்டத்தை நம்பி அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு திருகுக்குப் பிறகும் திரும்பப் பாருங்கள். இரு கற்கள் சேரும் கோட்டில் விரல் நுனியை ஓட்டினால் எதுவும் தட்டக்கூடாது. பிறகு தேன்மெழுகை உருக்கி இடுக்கில் விட்டு, ஆறியதும் சுரண்டி வழித்துவிடுங்கள். கார் பட்டி பூசுகிறவர்களும் உண்டு; வீடு மாறும்போது அதைப் பெயர்ப்பது பெரும்பாடு, மெழுகே மேல்.

துணி போடுவதை ஆள் வைத்துச் செய்யுங்கள். நீளமான மயிருள்ள துணி நம் ஈரக்காற்றில் மந்தமாகிவிடும். மயிரில்லாத வொர்ஸ்டெட் கம்பளி, சைமோனிஸ் 860 போன்றது, விலை கூடினாலும் அதையே கேளுங்கள்.

படி 5: விளக்கு

போட்டி விதிப்படி மேசைமீது குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். தொங்கு விளக்கு அழகுதான். ஆனால் 2.6 மீட்டர் கூரையில் அதைத் தாழ இறக்கினால் தலையில் இடிக்கும். பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் கிடைக்கும் தட்டையான எல்இடி பலகைகள் இரண்டைக் கூரையோடு ஒட்டிப் போடுவது நல்லது. விசிறி விளக்குக்குக் கீழே இருந்தால் இறக்கைகளின் நிழல் மேசைமேல் துடித்துக்கொண்டே இருக்கும், விசிறியை இடம் மாற்றுங்கள்.

பின்சேர்ப்பு

பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு. கீழ்வீட்டுக்காரர் பிரச்சினை: பந்து தானாக உருண்டு திரும்பும் குழாய் வகை வேண்டாம், வலைப் பாக்கெட்டே போதும். கால் பலகைக்கு அடியில் ஒரு செ.மீ. ரப்பர் விரிப்பு வைத்து, இரவு 10.30க்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, 'கிளிக்' முறையில் பூட்டிய வினைல் தரை. அது ஒட்டாமல் மிதக்கும் தரை. வெப்பத்தில் விரிய அதற்கு இடம் வேண்டும். அரை டன் மேசை மேலே நின்று அழுத்தினால் நகர முடியாமல் நடுவில் மேடு தட்டும். கால் வரும் இடத்தில் வினைலை வெட்டி எடுத்துவிட்டு, பிளைவுட்டை நேராகக் கான்கிரீட் மேல் வையுங்கள், சுற்றிலும் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு. ரப்பர் விரிப்பைப் போட்டவர்களும் முதல் மாதத்துக்குப் பிறகு மட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரப்பர் அமுங்கி ஒரு கால் இறங்கியிருக்கும்.