மிகப் பெரிய ஃபோன் வாங்கலாமா? கணக்குப் போடும்போது நடக்கும் தவறுகள்

ஒன்றேகால் லட்சம், ஒன்றரை லட்சம் என்று விலை போட்டு வரும் பெரிய ஃபோனை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், பெரும்பாலும் அதைத் தங்கள் கையிலிருக்கும் நான்கு வருடப் பழைய ஃபோனோடுதான் ஒப்பிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. நான்கு வருடம் கழித்து வாங்கும் எந்த நல்ல ஃபோனும் பழையதைவிட வேகமாக ஓடும், இருட்டில் தெளிவாகப் படம் எடுக்கும். அதற்கான பெருமையைப் பெரிய மாடலுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதே கம்பெனி அதே வருடம் விட்ட சின்ன மாடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்று தெரியும்.

2025-இல் வந்த ஐஃபோன் 17 புரோவையும் புரோ மேக்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். 256 ஜிபி மாடலுக்கு இந்தியாவில் அறிமுக விலை முறையே 1,34,900 ரூபாய், 1,49,900 ரூபாய். சிப் ஒன்றேதான், பின்பக்கக் கேமராக்கள் மூன்றும் ஒன்றேதான். கூடுதல் 15,000 ரூபாய்க்குக் கிடைப்பது 6.3 அங்குலத்துக்குப் பதில் 6.9 அங்குலத் திரையும், பெரிய பேட்டரியும். படம் நன்றாக வரும் என்பதற்காக மேக்ஸை எடுப்பவர் அந்தப் பணத்தை வீணாக்குகிறார். ஆனால் 2023-இல் படத்துக்காக மேக்ஸ் எடுத்தது சரியாக இருந்தது: ஐஃபோன் 15 புரோவில் 3 மடங்கு ஜூம்தான், 5 மடங்கு லென்ஸ் மேக்ஸில் மட்டும்தான் இருந்தது.

சாம்சங்கில் கதை வேறு. கேலக்ஸி எஸ்25 80,999 ரூபாய்க்கு வந்தது. எஸ்25 அல்ட்ரா 1,29,999 ரூபாய்க்கு. இடைவெளி 49,000 ரூபாய். இங்கே வித்தியாசம் நிஜமானது: 200 மெகாபிக்சல் கேமரா, தனியாக ஒரு 5 மடங்கு ஜூம் லென்ஸ், திரையில் எழுத எஸ் பென் என்ற பேனா, 4,000-க்குப் பதில் 5,000 எம்ஏஎச் பேட்டரி, வெயிலில் எதிரொளிப்பைக் குறைக்கும் கண்ணாடி. சிப்பும், ஏழு வருட அப்டேட்டும் இரண்டுக்கும் பொது. அதற்கு முந்தைய வருடம் அப்படி இல்லை. எஸ்24 அல்ட்ராவில் ஸ்னாப்டிராகன் சிப் இருக்க, இங்கே விற்ற எஸ்24-இல் எக்ஸினாஸ் சிப் இருந்தது. ஆகவே போன வருடம் நண்பர் சொன்ன தீர்ப்பை இந்த வருடம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் உட்கார்ந்து புதிதாகப் பார்க்கத்தான் வேண்டும்.

அங்குலத்தை நம்புவது

பெரிய திரை வேண்டும் என்பதும் உயர்ரக ஃபோன் வேண்டும் என்பதும் இரண்டு தனித்தனித் தேவைகள். ரெட்மி 14சி 5ஜி சுமார் 10,000 ரூபாய்க்கு வந்த ஃபோன். அதன் திரை 6.88 அங்குலம். தெளிவில் அது அல்ட்ராவுக்கு அருகில்கூட வராது, உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு வாட்ஸ்அப் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், அப்பா செய்தி படிக்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால் அதற்கு லட்ச ரூபாய் வேண்டியதில்லை. பெரிய ஃபோனை வாங்கிக் கொடுத்துவிட்டு எழுத்தின் அளவை மாற்றாமலேயே விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. செட்டிங்ஸில் எழுத்தளவை இரண்டு படி கூட்டிப் பாருங்கள். பல பெரியவர்களுக்குக் கையிலிருக்கும் பழைய ஃபோனே போதும் என்று ஆகிவிடும்.

படம் பார்க்க என்று வாங்குபவர்கள் ஒரு சின்னக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 6.9 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த நீளம். இன்றைய திரைகள் ஒல்லியாக, உயரமாக இருக்கின்றன. யூடியூபில் வழக்கமாக வரும் 16:9 வீடியோவோ அந்த அளவு நீளமானதல்ல. ஃபோனைப் படுக்கவைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். மிஞ்சுகிற படம் 6.9 அங்குலத் திரையில் மூலைக்கு மூலை 5.9 அங்குலம், 6.3 அங்குலத் திரையில் கிட்டத்தட்ட 5.4 அங்குலம். கடையில் பார்க்கும்போது பிரமாண்டமாகத் தெரிந்த வித்தியாசம், வீட்டில் கிரிக்கெட் பார்க்கும்போது அரை அங்குலம்தான். அந்த அரை அங்குலமும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். கணக்குத் தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கைக்கு அடங்குமா என்பதை அங்குலம் சொல்லாது, அகலம் சொல்லும். 2014-இல் வந்த ஐஃபோன் 6 பிளஸின் திரை 5.5 அங்குலம், ஃபோனின் அகலம் 77.8 மில்லிமீட்டர். ஐஃபோன் 17 புரோ மேக்ஸின் அகலம் 78 மில்லிமீட்டர். இத்தனை வருடத்தில் ஓரத்திலிருந்த வெற்றிடம் திரையாக மாறியதே தவிர, அகலம் கிட்டத்தட்ட கூடவே இல்லை. கூடியது எடைதான்: 172 கிராமிலிருந்து 230-க்கு மேல். அதன்மேல் கவரும் கண்ணாடி ஸ்டிக்கரும் சேர்ந்தால் இன்னும் 30, 40 கிராம். ஷோரூமில் மேசையோடு கேபிள் போட்டுக் கட்டியிருக்கும் ஃபோனை இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்தால் இது உறைக்காது. ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் யுபிஐ பின் நம்பர் போடும்போதும், இரவில் படுத்துக்கொண்டு படிக்கையில் சுண்டுவிரல் வலிக்கும்போதும்தான் தெரியும். தெரிந்தவர் யாரிடமாவது அந்த அளவு ஃபோன் இருந்தால் ஒரு சாயங்காலம் வாங்கி, கவரோடு வைத்துப் பழகிப் பாருங்கள். கட்டைவிரல் திரையின் எதிர் ஓரம்வரை போகிறதா, சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் நிற்கிறதா, சுடிதார் பையில் நுழைகிறதா என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கேமரா, பேட்டரி எண்கள்

200 மெகாபிக்சல் என்ற எண்ணுக்காக மயங்க வேண்டாம். அல்ட்ராவும் சாதாரணமாக எடுத்துத் தருவது 12 மெகாபிக்சல் படம்தான். பதினாறு சின்னப் புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி இருட்டிலும் ஒளி சேர்க்கிறது. 2023 ஜனவரியிலேயே 30,000 ரூபாய் விலையில் ரெட்மி நோட் 12 புரோ பிளஸ் 200 மெகாபிக்சலோடு வந்துவிட்டது. 100 மடங்கு ஜூம் என்பதும் அப்படித்தான். எஸ்25 அல்ட்ராவில் லென்ஸ் தருவது 5 மடங்கு; அதற்கு மேல் நீளமாகப் போவது படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்தும் மென்பொருளால் நிரப்பியும் வருவது. 10 மடங்குவரை நன்றாக இருக்கும். நூறில் வருவதை யாருக்கும் அனுப்ப மாட்டீர்கள்.

பேட்டரியில் நடக்கும் தவறு, உடம்பு பெரிதென்றால் பேட்டரியும் பெரிது என்று முடிவு கட்டுவது. 2020-இல் வந்த எஸ்20 அல்ட்ரா முதல் எஸ்25 அல்ட்ரா வரை எல்லா அல்ட்ராவிலும் ஒரே 5,000 எம்ஏஎச். இதற்கிடையே 2025-இல் வந்த விவோ எக்ஸ்200 எஃப்இ, 6.31 அங்குலத் திரைக்குள் 6,500 எம்ஏஎச் வைத்திருக்கிறது. ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலத்தில் 5,850. இரண்டும் 54,999 ரூபாயில் தொடங்கின. ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் நிற்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் கவலை என்றால் பெரிய ஃபோன் அதற்கு விடை இல்லை. அல்ட்ரா வாங்கினாலும் பெட்டிக்குள் சார்ஜர் இருக்காது, மெமரி கார்டு போட இடமும் இருக்காது. 45 வாட் சார்ஜருக்கும் கூடுதல் ஸ்டோரேஜுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

வட்டியில்லாத் தவணை

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் மாதச் சம்பளக்காரர்களைத் தாக்குவது இது. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தமில்லை. வங்கி வட்டி போடும்; அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் முதலிலேயே குறைத்துக் காட்டுவார். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கும்போது அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில். 1,29,999 ரூபாய் ஃபோனுக்கு 12 மாதத் தவணை, ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி சுமார் 10,600 ரூபாய், அதன் ஜிஎஸ்டி மட்டும் சுமார் 1,900 ரூபாய். பிராசஸிங் கட்டணம் இதில் சேரவில்லை. சில கடைகளில் மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் உடனடித் தள்ளுபடியும் தவணைக்குக் கிடையாது. 'மொத்தமாகக் கட்டினால் என்ன விலை?' என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் தவணையின் மொத்தத் தொகையைக் கேளுங்கள். மாதம் ஐந்தாயிரத்துச் சொச்சம்தானே என்று நினைக்கும்போது, 24 மாதத் தவணையின் கடைசிப் பாதியில் அந்த ஃபோன் பழைய மாடலாகியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வாங்கியபின் தெரியவருபவை

பைக்கில் ஹேண்டில்பார் ஹோல்டரில் மாட்டி மேப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். பைக் இன்ஜின் அதிர்வு ஐஃபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பையும் ஃபோகஸையும் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. ஸ்கூட்டராக இருந்தாலும் அதிர்வைக் குறைக்கும் ஹோல்டர் போடச் சொன்னது. விலையில் பெரும் பங்கு கேமராவுக்குத்தான் கொடுக்கிறோம். அதை தினமும் குலுக்கிக்கொண்டு போவது நியாயமில்லை. வழி பார்க்க ஒரு பழைய ஃபோன் போதும். சித்திரை வெயிலும் அப்படித்தான்: ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு விலையுள்ள ஃபோனும் திரையை மங்கலாக்கி வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஃபோன் 14 முதல் அங்கே விற்கும் ஐஃபோன்களில் சிம் கார்டு போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். வீட்டில் சிம்மை மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு அது பெரிய தொல்லை.

அப்படியானால் யாருக்குத்தான் இது தகும்? வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர், கோபுரச் சிற்பத்தைக் கீழே நின்று படமெடுக்கிறவர், பிள்ளையின் ஆண்டுவிழா ஆட்டத்தைக் கடைசி வரிசையிலிருந்து பிடிக்க வேண்டியவர் ஆகியோருக்கு 5 மடங்கு லென்ஸ் ஒவ்வொரு முறையும் பயன்படும். ஃபோனிலேயே வீடியோ வெட்டுகிறவர்கள், எக்செல் கணக்குப் பார்க்கிறவர்கள், பிடிஎஃப்பில் கையெழுத்தும் குறிப்பும் போடுகிறவர்களுக்குத் திரையும் பேனாவும் வேலைக் கருவிகள். அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

அவர்களும்கூட வெளியான வாரத்திலேயே வாங்க வேண்டும் என்றில்லை. 1,29,999 ரூபாய்க்கு வந்த எஸ்24 அல்ட்ரா, 2025 செப்டம்பர் ஆன்லைன் பண்டிகை விற்பனையில் 75,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஏழு வருட அப்டேட் என்பதால் அன்று வாங்கியவருக்கும் ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. பழைய மாடல் வாங்கும்போது அப்டேட் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, ஃபோன் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எஸ்23 அல்ட்ரா குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 2023 தொடங்கி ஐந்து வருடம்தான்.